நிற்கும்போது கனக்கும் வண்டி

அண்ணன் விழுந்தபோது வண்டி ஓடவே இல்லை. கிருஷ்ணன்கோவிலில் ஒரு டீக்கடை முன்னால் நிறுத்துவதற்காக இடது காலை ஊன்றினார். காலுக்கு அடியில் உருளும் சல்லி. புல்லட் மெதுவாக, ஏதோ யோசித்து முடிவெடுத்ததுபோல, இடப்பக்கம் சாய்ந்தது. ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். ஒரு கட்டத்துக்குமேல் வண்டி அவரை இழுத்துக்கொண்டு படுத்துவிட்டது. பெட்ரோல் மூடி வழியே சொட்டுச் சொட்டாக ஒழுகியது. டீ குடித்துக்கொண்டிருந்த கல்லூரிப் பையன்கள் மூன்று பேர் ஓடிவந்து தூக்கி நிறுத்தினார்கள். "தாத்தா, அடி பட்டுச்சா?" என்று கேட்டானாம் ஒருவன். முழங்கால் சிராய்ப்பு ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. அந்தத் 'தாத்தா' இன்னும் ஆறவில்லை.

அண்ணன் என்றால் என் பெரியப்பா மகன். வயது 68. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு சுந்தரபாண்டியத்தில், வயல் வத்திராயிருப்புப் பக்கம், கடைகண்ணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர், சொந்தபந்தமெல்லாம் ராஜபாளையம். இந்த நாலு புள்ளிகளுக்கு இடையேதான் நாற்பது வருஷமாக அவர் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் புல்லட்டில் கியர் வலது காலில் இருந்தது. இப்போது இருப்பது இரண்டாவது, பணி ஓய்வுப் பணத்தில் வாங்கியது. எங்கள் பக்கம் ஓய்வுப் பணம் கைக்கு வந்ததும் சிலர் காசிக்குப் போவார்கள், சிலர் புல்லட் வாங்குவார்கள்.

விழுந்த மறுநாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "ஓடுறப்ப பூ மாதிரி இருக்குடா. நிறுத்துறப்பத்தான் மலையாக் கனக்குது. நீ சயின்ஸ் எழுதுறவன்தான, இதுக்கு என்ன அர்த்தம்னு சொல்லு."

அவர் சொன்னதிலேயே பாதி விடை இருந்தது. ஓடுகிற இருசக்கர வண்டி தன்னைத்தானே கணிசமாக நிமிர்த்திக்கொள்ளும். சாயும் பக்கமாக முன்சக்கரம் தானாகக் கொஞ்சம் திரும்பி, விழப்போகும் வண்டியின் அடியில் சக்கரத்தைக் கொண்டுபோய் வைக்கிறது. உள்ளங்கையில் குச்சியை நிறுத்தி விளையாடும் பையன், குச்சி சாயும் பக்கம் கையை நகர்த்துகிறானே, அதே வித்தைதான். வேகம் குறையக் குறைய இந்த வித்தை செத்துப்போகிறது. நின்ற வண்டிக்குக் காவல் நம் கால் ஒன்றுதான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இப்போதைய புல்லட் 350 பெட்ரோலோடு சேர்த்து 195 கிலோ. அதன் எடை மையம் தரையிலிருந்து ஏறத்தாழ அரை மீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், நாம் ஒரு மீட்டர் உயரத்தில் ஹேண்டில்பாரைப் பிடித்திருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். வண்டி நேராக நிற்கும்வரை கைக்குச் சுமையே இல்லை; இரண்டு விரலால் பிடித்து நிறுத்தலாம். 10 பாகை சாய்ந்தால் 17 கிலோவைத் தாங்க வேண்டும். 20 பாகையில் 33 கிலோ. 30 பாகையில் 49 கிலோ, அதாவது ஒரு சிமென்ட் மூட்டை. இதே கணக்கை 112 கிலோ எடையுள்ள ஸ்ப்ளெண்டருக்குப் போட்டால் 10 பாகையில் 10 கிலோகூட வராது; 30 பாகையில் 28 கிலோ. இருபத்தைந்து வயதுக்காரர் 33 கிலோவை ஒரு பக்கமாக இழுத்து நிறுத்திவிடுவார். அறுபத்தெட்டில் அது இடுப்பைக் கேட்கும்.

வலிமை மட்டும் காரணமில்லை, நேரமும்தான். சாயத் தொடங்கிய வண்டியை யாரும் பிடிக்காவிட்டால், ஏறத்தாழக் கால் நொடிக்கு ஒருமுறை அதன் சாய்வு இரண்டு மடங்காகிறது. 5 பாகை 10 ஆகும், 10 பாகை 20 ஆகும், அவ்வளவும் கண் இமைக்கும் நேரத்துக்குள். வயதாகும்போது நம் தசை ஒரே சீராகக் குறைவதில்லை. மெதுவாக, நெடுநேரம் உழைக்கும் இழைகள் ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன. சட்டென்று வெடித்து இயங்கும் இழைகள்தாம் முதலில் மெலிகின்றன. அதனால்தான் அண்ணனால் இன்றைக்கும் தாணிப்பாறையிலிருந்து சதுரகிரி மலை ஏறி இறங்க முடிகிறது, சாயும் வண்டியைப் பிடிக்க முடியவில்லை. மலை நேரம் கொடுக்கும். சாயும் வண்டி அரை நொடிகூடக் கொடுக்காது.

இன்னொன்றும் உண்டு. நாற்பது வயதுக்குமேல் பத்தாண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் நாம் குள்ளமாகிறோம். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் வட்டுகள் நீர் வற்றிச் சப்பையாவது ஒரு காரணம். தரையை எட்டுவதற்குக் காலின் நீளம்தான் முக்கியம், அது குறையவில்லையே என்று கேட்கலாம். ஆனால் இடுப்பும் முழங்காலும் இறுகிப்போய், காலை முன்போல விரித்து நீட்ட முடிவதில்லை. முடிவில் இரண்டும் ஒன்றுதான்: 'சீட் உசந்துபோச்சு.'

ஆக, வண்டி பார்க்கக் கிளம்பினோம்.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலுமாக இரண்டு நாள் அலைந்தோம். ஷோரூமில் வண்டியைத் தேர்ந்தெடுப்பது, உட்கார்ந்த இடத்திலேயே செருப்பு வாங்குவது மாதிரி. எல்லாமே சுகமாகத்தான் இருக்கும். விற்பனைக்கு நின்ற தம்பி அண்ணனின் தலைமுடியைப் பார்த்ததும் நேராகக் குரூஸர் வகை வண்டியிடம் கூட்டிப்போனார். "சார், இது உங்களுக்குன்னே செஞ்சது. கால நீட்டி உக்காருங்க." அண்ணன் உட்கார்ந்தார். முகம் மலர்ந்தது. இரண்டு பாதமும் தரையில் தட்டையாகப் பதிந்தன.

குரூஸரின் நியாயம் அங்கேதான் இருக்கிறது. மீட்டியார் 350இன் இருக்கை 765 மில்லிமீட்டர் உயரம். புல்லட் 350க்கு 805. பஜாஜ் அவெஞ்சர் 220க்கு 737. நாலு சென்டிமீட்டர் பெரிய விஷயமா என்றால், குதிகால் தரையில் படுவதற்கும் விரல் நுனி மட்டும் படுவதற்கும் உள்ள வித்தியாசமே அவ்வளவுதான். ஆனால் மீட்டியாரின் எடை 191 கிலோ. இருக்கை தாழ்ந்தது, சுமை தாழவில்லை. ஹோண்டா ஆக்டிவாவின் இருக்கையும் மீட்டியாரின் உயரம்தான், மில்லிமீட்டர் கணக்கில் 764. எடையோ 106 கிலோ.

குரூஸரின் உண்மையான தொல்லை ஷோரூமின் பளிங்குத் தரையில் தெரியாது. வண்டி ஓட்டும் உடம்பு மூன்று இடங்களில் வண்டியைத் தொடுகிறது: இருக்கை, ஹேண்டில்பார், கால்மிதி. சுகம், வலி எல்லாம் இந்த முக்கோணத்தின் அளவில்தான் இருக்கிறது. கால்மிதி இடுப்புக்கு ஏறத்தாழ நேர் கீழே இருந்தால், வேகத்தடை வரும்போது காலை ஊன்றிப் புட்டத்தை இரண்டு அங்குலம் தூக்கிக்கொள்ளலாம். குலுக்கல் முழங்காலிலும் தொடையிலும் கரைந்துவிடும். காலை முன்னால் நீட்டி உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. நாற்காலியில் காலை நீட்டிவைத்துக்கொண்டு கையூன்றாமல் எழுந்து பாருங்கள், புரியும். அப்போது ஒவ்வொரு குழியும் வால் எலும்பு வழியாக நேரே முதுகில் ஏறும். அமெரிக்காவில் நூறு மைலுக்கு வளைவில்லாத சாலையில் போக உருவான உட்காருமுறை அது. எங்கள் ஊர்ப் பக்கம் நூறு மீட்டருக்கு ஒரு வேகத்தடை.

மறுகோடியில், குனிந்து படுத்து ஓட்டும் பந்தய வகை வண்டிகள். அவை வேண்டாம் என்பதற்கு நான் சொல்ல வேண்டியதில்லை, முதுகே சொல்லிவிடும். ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்ஃப் நாக்கெம்சன் என்ற எலும்பு மருத்துவர் 1960களில் மனிதர்களின் முதுகு வட்டுக்குள்ளேயே ஊசி செருகி அழுத்தத்தை அளந்தவர். நிற்பதைவிட உட்காரும்போது வட்டில் அழுத்தம் அதிகம் என்றார். 1999இல் ஜெர்மனியில் புதிய கருவியோடு அளந்தபோது, தளர்வாக உட்கார்ந்தால் அப்படியொன்றும் அதிகமில்லை என்று வந்தது. முன்னால் குனிந்து உட்கார்ந்தால் அழுத்தம் கூடுகிறது என்பதில் மட்டும் இரண்டு அளவீடுகளும் ஒத்துப்போகின்றன. மல்லாந்தும் வேண்டாம், குனிந்தும் வேண்டாம். நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்கை லேசாக மடங்கி, கால்மிதி காலுக்கு அடியில். இது அலுப்பூட்டும் வடிவம்தான். நூறு சிசி, நூற்றுப்பத்து சிசி வண்டிகளின் வடிவம். பால்காரரும் தபால்காரரும் நாள் முழுக்க ஓட்டுவது இதைத்தான்.

குலுக்கலைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். வண்டியில் இருவகைக் குலுக்கல் இருக்கிறது. நாம் இரண்டையும் சேர்த்து 'வைப்ரேஷன்' என்று சொல்லிவிடுகிறோம். ஒன்று சாலையிலிருந்து வருவது. அது மெதுவானது, நொடிக்குச் சில தடவை. மற்றது எஞ்சினிலிருந்து வருவது. அது பொடியானது, நொடிக்குப் பல பத்துத் தடவை. முதலாவது முதுகுக்கு எதிரி, இரண்டாவது கைக்கு எதிரி.

ஊஞ்சலை அதன் தாளத்துக்குத் தள்ளினால் சிறு தள்ளலுக்கே பெரிதாக ஆடும் அல்லவா, உட்கார்ந்திருக்கும் மனித உடம்புக்கும் அப்படியொரு தாளம் உண்டு. மேல்கீழாக நொடிக்கு ஏறத்தாழ ஐந்து தடவை. அந்தத் தாளத்தில் குலுக்கினால் முதுகுத்தண்டும் வயிற்றுறுப்புகளும், வந்த குலுக்கலைவிட அதிகமாக ஆடும். உடல் அதிர்வுக்கான பன்னாட்டுத் தர அளவையும் நொடிக்கு 4 முதல் 8 வரையான அதிர்வுகளைத்தான் மேல்கீழ்க் குலுக்கலில் மிகக் கெடுதியானதாகக் கணக்கில் எடுக்கிறது. இப்போது ஒரு சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். தார் பெயர்ந்து, ஒன்றரை மீட்டருக்கு ஒரு மேடு. அதில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நொடிக்கு ஐந்தரை குலுக்கல். முதுகின் தாளத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது! வேகத்தை 15க்குக் குறைத்தால் நொடிக்கு மூன்றுகூட வராது. சில சாலைகளில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் இடுப்பு கழன்றுபோவது போலிருப்பது பிரமை இல்லை.

இங்கே சக்கரத்தின் அளவு வந்து சேர்கிறது. 30 சென்டிமீட்டர் அகலக் குழி ஒன்று. 10 அங்குல ஸ்கூட்டர் சக்கரம் அதில் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறங்கும். 18 அங்குல பைக் சக்கரம் 4 சென்டிமீட்டர்தான் இறங்கும். வட்டக் கணக்குத் தெரிந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை நோட்டில் போட்டுப் பார்க்கலாம். பெரிய சக்கரம் குழியைப் பாலம்போலத் தாண்டுகிறது. இன்றைய ஸ்கூட்டர்கள் பலவற்றில் முன்சக்கரம் 12 அங்குலமாகிவிட்டது, அது நல்லதுதான். ஆனாலும் பைக்குக்கு ஈடாகாது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வண்டி இருக்கிறது. யாரும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. 1980இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50இன் பேரப்பிள்ளை, எக்ஸெல் 100. சக்கரம் 16 அங்குலம். எடை 90 கிலோவுக்குள். கிளட்ச் இல்லை, கியர் இல்லை. எல்லாவற்றையும்விட, காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டியதில்லை. முன்பக்கம் திறந்த சட்டத்துக்குள் நடந்துபோய் உட்கார்ந்துவிடலாம். வேட்டி கட்டியவருக்கு இதன் அருமை தெரியும். வத்திராயிருப்புப் பக்கம் விடிகாலையில் நின்று பாருங்கள். புல்லுக்கட்டு, பால் கேன், மருந்தடிக்கும் டப்பா, உரமூட்டை, தேங்காய்ச் சாக்கு எல்லாம் எக்ஸெல்லில் போகும். ஓட்டுபவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். வயதானவருக்கு ஏற்ற வண்டி எது என்பதை எந்த நிபுணரையும் கேட்காமல் அவர்கள் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். குறையும் இருக்கிறது. ஆடி மாதம் காற்று மலையிலிருந்து இறங்கி நெடுஞ்சாலையைக் குறுக்கே அறையும்போது எக்ஸெல் காகிதம்போல நகரும், புல்லட் அசையாது. நெடுந்தூரத்துக்கும் அது ஆகாது.

எக்ஸெல்லை அண்ணனிடம் சொன்னேன். "ஏண்டா, நான் என்ன தேங்கா யாவாரியா?" என்றார். அத்தோடு விட்டுவிட்டேன். சுகத்தில் மனசுக்கும் ஒரு பங்கு உண்டு. அதற்கு அளவுகோல் கிடையாது.

இனி கை. ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வருவதை எதிர்த்துச் சமன்செய்ய எதுவும் இல்லாவிட்டால், ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி ஒருமுறை உதறும். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு 50 உதறல். பழைய புல்லட் ஓட்டியவர்கள், வீட்டுக்கு வந்து தண்ணீர்ச் செம்பைப் பிடித்தாலும் கை விறுவிறுத்ததைச் சொல்வார்கள். 2020இல் மீட்டியாரோடு வந்த புதிய எஞ்சினில், பிஸ்டனுக்கு எதிர்த்திசையில் உதறும் எடை பொருத்திய சமன்தண்டு ஒன்று சுற்றுகிறது. பழையதை ஓட்டிவிட்டு இதில் ஏறினால் வித்தியாசம் விரல்நுனியில் தெரியும். கை அதிர்வு நெடுங்காலம் தொடர்ந்தால் விரலின் சிறு ரத்தக்குழாய்களும் நரம்பும் கெட்டு, விரல் வெளுத்து மரத்துப்போகும். பாறை உடைக்கும் எந்திரம் பிடிப்பவர்களிடம் மருத்துவர்கள் கண்ட நோய் அது. கையை விடுங்கள், ஆப்பிள் நிறுவனமே 2021இல், பெரிய எஞ்சின் பைக்குகளின் ஹேண்டில்பாரில் ஐபோனை மாட்டாதீர்கள், அதிர்வில் கேமரா கெடலாம் என்று எச்சரித்தது. போனுக்கு இருக்கும் அக்கறை நம் மணிக்கட்டின்மேல் நமக்கு இல்லை.

கிளட்ச் லீவர் தனிக்கதை. பெருவிரல் அடிமூட்டு தேய்ந்தவருக்கு, நெரிசலில் நூறு தடவை கிளட்ச் பிடிப்பது தண்டனை. பாதித் தண்டனை, கேபிள் காய்ந்துபோனதால் வருவது. நாலு சொட்டு எண்ணெய் விட்டால் லீவர் இளகும். லீவரைக் கொஞ்சம் கீழே திருப்பி வைத்தால், மணிக்கட்டு வளையாமல் முழங்கையோடு நேராக நிற்கும். இதற்கு மெக்கானிக் காசுகூட வாங்க மாட்டார். கைக்குத் தக்கபடி கருவியை மாற்றிக்கொள்வது என்றதும் எனக்கு மதுரை டாக்டர் ஞாபகம்தான் வரும். எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் பிறந்த கோவிந்தப்ப வெங்கடசாமிக்கு முப்பது வயதுவாக்கில் முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. பிரசவ மருத்துவராக ஆசைப்பட்டவர், கண் மருத்துவத்துக்கு மாறினார். தன் கோணல் விரலுக்கு ஏற்றபடி கருவிகளை வடிவமைத்துக்கொண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களுக்கு அறுவை செய்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் 1976இல் 11 படுக்கைகளோடு அவர் ஆரம்பித்ததுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. அவ்வளவு நுட்பமான வேலைக்கே கருவியை வளைக்க முடியும் என்றால், ஒரு கிளட்ச் லீவரை வளைக்க நமக்கென்ன?

கிளட்சே வேண்டாம், ஸ்கூட்டருக்கு மாறலாமே என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொன்னேன். பக்கத்து வீட்டு ஸ்கூட்டரைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னோம். தெருமுனையில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. அண்ணன் நாற்பது வருஷப் பழக்கத்தில் இடது கை லீவரை 'கிளட்ச்' என்று நினைத்து இறுக்கிப் பிடித்தார். ஸ்கூட்டரில் அது பிரேக். வண்டி முட்டிக்கொண்டு நின்றது. அதே நேரத்தில் வலது கால், இல்லாத பிரேக் மிதியைத் தேடிக் காற்றை மிதித்துக்கொண்டிருந்தது. ஆடு சாவகாசமாகப் போய்விட்டது.

கையும் காலும் தாமாகச் செய்யும் வேலைகளின் நினைவு, பெயர், தேதி போன்றவற்றின் நினைவைப் போன்றதல்ல. அது மூளையின் அடியாழத்தில் வேறு பகுதிகளில் பதிகிறது. பதிந்ததை அழிப்பது கடினம். அமெரிக்கப் பொறியாளர் டெஸ்டின் சாண்ட்லின், ஹேண்டிலை வலப்பக்கம் திருப்பினால் சக்கரம் இடப்பக்கம் திரும்பும் சைக்கிள் ஒன்றைச் செய்து பழகிப் பார்த்தார். தினம் கொஞ்ச நேரமாகப் பழகி, ஓட்டக் கற்றுக்கொள்ள அவருக்கு எட்டு மாதம் பிடித்தது. அவருடைய சிறு மகனுக்கு இரண்டே வாரம். 2015இல் அவர் வெளியிட்ட அந்தப் படத்தை அண்ணனுக்குப் போட்டுக் காட்டினேன். "அப்ப எனக்கு எட்டு வருஷம்" என்றார்.

ஆகவே ஸ்கூட்டர் ஓட்டியே பழகியவருக்கு ஸ்கூட்டர் சரி. ஆயுள் முழுக்க கிளட்ச் பிடித்தவர் அறுபத்தெட்டில் மாறுவதென்றால், காலி மைதானத்தில் இரண்டு மூன்று மாதமாவது பழகாமல் நெடுஞ்சாலையில் ஏறக்கூடாது. ஸ்கூட்டர் வேண்டாம் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மின்சார ஸ்கூட்டரில் எஞ்சின் உதறலே இல்லை. டிவிஎஸ் ஐக்யூப் போன்றவற்றில் வண்டியைப் பின்னுக்கு நகர்த்தவே ஒரு வசதி உண்டு. சரிவில் மூக்கை நுழைத்து நிறுத்திய வண்டியைக் காலால் உந்திப் பின்னால் எடுக்கப் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு அது வரம். நிற்கும் வண்டியின் கனத்தை யோசித்துச் செய்த வசதிகளில் அது ஒன்று. இன்னும் பல வர வேண்டும்.

ஷோரூமில் யாரும் சொல்லாத ஒன்றை எங்கள் மதினி சொன்னார். "நான் ஏறுறப்பத்தான் உங்க அண்ணனுக்கு மூச்சு முட்டுது." பின்னால் ஒருசாய்த்து உட்காரும்போது உடம்பின் எடை வண்டியின் நடுக்கோட்டில் விழுவதில்லை. 60 கிலோ எடை, நடுவிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி விழுந்தால், புல்லட்டை 5 பாகை சாய்த்துப் பிடித்துக்கொண்டிருப்பதற்குச் சமம். ஏறும் அந்த நொடியில் கால்மிதியில் ஊன்றும்போது இன்னும் அதிகம். சோதித்துப் பார்க்க வேண்டியது இந்த நொடியைத்தான். ஷோரூம்காரரிடம் வண்டியை ரோட்டில் இறக்கச் சொல்லி, மதினியை ஏறி இறங்கச் சொல்லுங்கள். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நீங்களே போடுங்கள், எடுங்கள். சரிவில் நிறுத்திப் பின்னால் தள்ளுங்கள். அதெல்லாம் முடிந்தபிறகு ஓட்டிப் பார்த்தால் போதும்.

கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. அறுபது வயதில் கண் பாப்பா சுருங்கி, வில்லையும் மஞ்சளித்துப்போவதால், இருபது வயதில் விழித்திரையை எட்டிய ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் உள்ளே போகிறது. எதிர்வண்டி வெளிச்சம் மட்டும் சிதறிச் சிதறிக் கூசுகிறது. கீறல் விழுந்த ஹெல்மெட் கண்ணாடி அதை இன்னும் இரட்டிப்பாக்கும். நாற்பது வயதுக்குமேல் உரிமத்துக்கு மருத்துவச் சான்று கேட்கிறார்கள். 55 தாண்டியவருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறைதான் புதுப்பித்துத் தருகிறார்கள். அந்தச் சான்றைச் சடங்காக வாங்காமல் கண்ணை ஒழுங்காகக் காட்டினால், புரை இருக்கிறதா என்பதாவது தெரியும். அண்ணன் மாலை ஆறரைக்குமேல் வண்டி எடுப்பதை நிறுத்திவிட்டார். அதை அவரே முடிவெடுத்தார்.

கடைசியில் அவர் வாங்கியது செல்ஃப் ஸ்டார்ட் உள்ள சாதாரண நூறு சிசி வண்டி. அலுப்பூட்டும் வடிவம் என்றேனே, அது. வாங்கிய கையோடு ராஜபாளையத்தில் சீட் தைக்கும் கடைக்குப் போனோம். கடைக்காரர் சீட்டைக் கழற்றித் தலைகீழாகப் போட்டு, ஊக்குகளைப் பிடுங்கி, ரெக்ஸினை உரித்தார். உள்ளே மஞ்சள் ஃபோம். அண்ணனை உட்காரவைத்துத் தொடை உரசும் இடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டார். அந்த முன்மூக்கின் இரண்டு ஓரத்தையும் நீளக் கத்தியால் ஆப்பிள் தோல் சீவுவதுபோலச் சீவி எடுத்தார். சீட்டின் உயரத்தை ஒரு விரற்கடைதான் குறைத்தார், ஆனால் அகலம் குறைந்ததில் கால் நேராக இறங்கித் தரையைத் தொட்டது. உட்காரும் இடத்தில் மெத்தென்ற ஃபோமைப் போடச் சொன்னார் அண்ணன். கடைக்காரர் மறுத்துவிட்டார். "அண்ணாச்சி, மெத்துனு போட்டா பத்து நிமிஷம் சொகம். அப்புறம் எலும்பு அடியில போயித் தட்டும். கெட்டியாப் போடுதேன், உக்காந்து பழகுங்க." அவர் சொன்னது சரி. மெத்தென்ற ஃபோம் முழுக்க அமுங்கிவிட்டால், உடம்பின் எடை இரண்டு உட்கார் எலும்புகளின் முனையில் குவிந்து, அங்கே ரத்த ஓட்டம் நசுங்குகிறது. கெட்டி ஃபோம் எடையைப் பரப்புகிறது. கடைக்காரர் இதைப் படித்ததில்லை. ஆயிரக்கணக்கான சீட்டுகளைத் திறந்து பார்த்திருக்கிறார்.

பின் ஷாக் அப்சார்பரில் ஐந்து படி இருக்கும். ஒற்றை ஆள் ஓட்டினால் இளக்கியும், இருவர் போனால் இறுக்கியும் வைக்க வேண்டியது. அண்ணனின் புது வண்டியில் அது இறுகிக் கிடந்தது. ஸ்பேனர் போட்டு இளக்கியதும், காற்றை வண்டியில் எழுதியிருக்கும் அளவுக்குக் குறைத்ததும், பாதி முதுகுவலியைப் போக்கிவிட்டன. பெட்ரோல் பங்க்கில் "கொஞ்சம் கூடவே பிடிப்பா" என்று காற்றுப் பிடிப்பவர்கள் டயரைக் கல்லாக்கிக்கொண்டு, அப்புறம் சீட்டைக் குறை சொல்கிறார்கள்.

புல்லட்டை எங்கள் தெருவிலேயே ஒரு பையனுக்குக் கொடுத்தாயிற்று. வயது 24. அவன் இரவு பத்து மணிக்கு வேலைவிட்டு வரும் சத்தம் முக்குத் திரும்பும்போதே கேட்டுவிடும். திண்ணையில் படுத்திருக்கும் அண்ணன் தலையைத் தூக்கிக் கேட்பார். நேற்றைக்கு நானும் பக்கத்தில் இருந்தேன்.

"செயினு லூசா ஓடுது. காலைல வரச் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.